ஒழுகும் குழாய் ஒன்று

"ஓடாத ஃபேனுக்கு நான் எங்கே போவேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் சலவைக்கடைக்காரர்.

பதினான்கு வருஷத்துக்கு முந்தைய குத்தகைப் பத்திரம் அவர் மடியில் விரிந்து கிடந்தது. இந்த மாதத்தோடு குத்தகை முடிகிறது. கட்டடத்தை மதிப்பிடத் திங்கட்கிழமை ஆள் வருவார் என்று கட்டடக்காரம்மா இரண்டே வரியில் கடிதம் போட்டிருந்தார். கடையை வாங்கியபடியே திருப்பித் தரவேண்டும் என்றது பத்திரம். வாங்கியபோது இருந்தவை: ஓடாத மின்விசிறி ஒன்று, ஒழுகும் குழாய் ஒன்று, உடைந்த ஜன்னல் கண்ணாடி இரண்டு, காரை பெயர்ந்த தரை.

பாவி மனுஷர் அத்தனையையும் சரிசெய்து தொலைத்திருந்தார்.

"அந்தம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"கேட்டா பயந்துட்டோம்னு தெரிஞ்சுடும். மாறினதையெல்லாம் சேதம்னு எழுதி அட்வான்ஸைப் பிடிச்சுக்குவாங்க. அது வரலேன்னா வேற கடை ஏது? இந்த வயசுல இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையணுமா?"

அவள் பத்திரத்தை வாங்கி, இருந்தவற்றை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காயலான் கடையில் ஒரு செத்த மின்விசிறியை வாங்கி வந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் அது ஜோராகச் சுற்றியது.

"நீங்க வாங்கின எந்தப் பொருளாவது ஒழுங்கா ஓடியிருக்கா? இது மட்டும் ஓடுது பாருங்க!"

கடுப்பில் ஒயரை அறுத்தார். கடை விளக்குகளும் சேர்ந்து அணைந்தன. தடுமாறிக்கொண்டே ஜன்னலைத் தட்டினார். மூன்று கண்ணாடிகள் உடைந்தன.

"ரெண்டுன்னுதானே போட்டிருக்கு?"

"தெரியுதுடி!"

மூன்றாவதுக்குப் புதிது வாங்கிப் போட்டார். அது பளபளவென்று காட்டிக்கொடுத்தது. அதன்மேல் சாம்பலைப் பூசினார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயின் வாஷரைக் கழற்றினார். சொட்டுச் சொட்டாக ஒழுகவேண்டியது பீச்சியடித்தது. மடித்து அடுக்கியிருந்த வாடிக்கைக்காரர்களின் துணிகளெல்லாம் தொப்பலாக நனைந்தன. அரை நாள் இருவரும் வாளியும் கையுமாக நின்றார்கள்.

தரைதான் பாக்கி. மனைவியின் வளையலை விற்றுப் பதித்த டைல்ஸ் அது. கடப்பாரையை வைத்தவருக்குக் கை வரவில்லை. அழுகைதான் வந்தது.

"நாம போட்டதுதானே, எடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். கூடவே டேப் பிடிக்க நரைத்த மீசைக்காரர் ஒருவர். இருவரும் கணுக்கால் தண்ணீரில் நின்று மேலும் கீழும் பார்த்தார்கள்.

"கடையில நீங்க என்ன வேலை செஞ்சிருக்கீங்க?"

"ஆணிகூட அடிக்கலீங்க. வாங்கினது வாங்கினபடி இருக்கு." பத்திரத்தை நீட்டினார்.

மதிப்பீட்டாளர் வரி வரியாகச் சரிபார்த்தார். குழாய் ஒழுகியது. ஃபேன் ஓடவில்லை. உடைந்த கண்ணாடி இரண்டேதான். தரை பெயர்ந்து கிடந்தது. 'குத்தகைதாரர் செய்த மேம்பாடு: ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அட்வான்ஸ் முழுசா வந்துடும். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்ல."

சலவைக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். இரண்டு நாளில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

டேப்பைச் சுருட்டிய மீசைக்காரர் உச்சுக் கொட்டினார். "அந்தம்மாவுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க சார். 'கடையை அவர் மாளிகையாட்டம் ஆக்கி வெச்சிருக்காராம், அதுக்குக் குடுக்க எங்கிட்ட காசில்ல, என்ன மதிப்பு வருதோ அது கழியறவரைக்கும் வாடகையில்லாம அங்கேயே இருக்கட்டும்'னு சொல்லித்தானே நம்மளை அனுப்பினாங்க!"