மாவட்டம் தலைமையேற்ற விலகல் கூட்டம்

இந்தக் கூட்டம் நடந்தபோது நான் அங்கே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து தசரதன் அண்ணன் சொன்னதும், பின் இருக்கையிலிருந்து அருள்பாண்டி அண்ணன் சொன்னதும்தான். இருவரும் ஒரே சங்கத்தின் நிர்வாகிகள். தசரதன் தலைவர், பென்னலூரில் பிறந்து குன்றத்தூரில் வீடு கட்டியவர். அருள்பாண்டி இணைச் செயலாளர்; விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் அருகருகே உட்காருவதில்லை. நான் நடுவில் உட்காருகிறேன். நடுநிலைமைக்காக அல்ல, அங்கேதான் இடம் கிடைக்கிறது.

நான் டிரெயினி. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. டிரெயினி என்பவர் தொழிலாளி செய்யும் எல்லா வேலையையும் செய்யலாம், தொழிலாளி மட்டும் ஆகிவிடக்கூடாது. சங்கத்தில் சேரவும் வழியில்லை. ஆகவே சங்கம் செய்த எந்தத் தவறிலும் எனக்குப் பங்கில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. யாராவது கருத்துக் கேட்டால், "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்பேன். கல்லூரிப் படிப்பில் எனக்கு உருப்படியாக வந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டுகிறோம். ஷிப்ட் முழுவதும் நின்றுகொண்டே செய்யும் வேலை. ஷெர்லின் என்ற அக்கா ஒருநாள் லைன் பழுதாகி நின்றபோது, காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். லைன் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட்டார். ஆனால் அதற்குள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "நிறுவனத்தின் சொத்தைத் தலைகீழாக மாற்றி, அதன் நோக்கத்துக்குப் புறம்பாக, முன்அனுமதியின்றி அமர்ந்தது" என்று குற்றச்சாட்டு வந்தது. சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை வைத்தார்கள். விசாரணைக்குத் துணையாக ஒரு சக தொழிலாளியை அழைத்து வரலாம் என்றும் சொன்னார்கள். "நான் வரேம்மா, நீ இன்னாத்துக்குப் பயப்படுற" என்றார் தசரதன்.

இதற்கு நடுவில் சங்கத்தார் மாவட்டத்தைப் போய்ப் பார்த்தார்கள். மாவட்டம் என்றால் நிலப்பரப்பு அல்ல. கட்சியின் மாவட்டச் செயலாளரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் சங்கக் கொடியில் பாதி அந்தக் கட்சியின் நிறம். கம்பெனியிடம் ஒரு வார்த்தை பேசும்படி கேட்டார்கள். "இப்ப கூட்டணி நேரம்பா. முதலீட்டாளருங்க மனசு கோணக்கூடாது. எலக்‌ஷன் முடியட்டும், உட்கார்றதைப் பத்தி உட்கார்ந்து பேசுவோம்" என்றார் அவர்.

அருள்பாண்டிக்குக் கோபம் வந்தது. வெளியே வந்ததும் தசரதனிடம் கேட்டார்.

"ஏண்ணே, நம்ம எதுக்கு இன்னும் இந்தக் கட்சியில இருக்கோம்?"

"அந்தக் காலத்துல கேட் வாசல்ல நம்மள போலீஸ் அள்ளிக்கினு போச்சே, ஜாமீன் எட்த்தது யாரு? கட்சி வக்கீல்தான?"

"அது சரிண்ணே. இப்ப கேன்டீன் காண்ட்ராக்ட் யாருக்கு? பஸ் காண்ட்ராக்ட் யாருக்கு? மாவட்டத்தோட மச்சானுக்கு. கம்பெனி கூட சண்டை போடுன்னா எப்படிப் போடுவாரு?"

"பஸ் நல்லாத்தான கீது?"

கட்சியில் இருப்பதா விலகுவதா என்ற கேள்வி என்னிடமும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொன்னேன். இருவரும் என்னைப் பாராட்டினார்கள்.

கடைசியில், கட்சிமீது சங்கம் கொண்டுள்ள விசுவாசத்தை மறுபரிசீலனை செய்யப் பொதுக்குழுவைக் கூட்டுவது என்று முடிவானது. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு பிளெக்ஸ் அடிக்கப் போனார்கள்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர் மோகன். எல்லாக் கட்சிக்கும் அடித்துக் கொடுப்பவர் என்பதால் அரசியலில் அவருக்கு யார்மீதும் பகை இல்லை. "விசுவாச மறுபரிசீலனைச் சிறப்புப் பொதுக்குழு" என்ற வாசகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அவர் கேட்டார்.

"நடுவுல யாரு போட்டோ?"

"போட்டோ எதுவும் வேணாம்ணே" என்றார் அருள்பாண்டி.

"போட்டோ இல்லாம பிளெக்ஸ் கட்னா பிளாட் விக்கிறாங்கன்னு நெனச்சுக்கினு போன் பண்ணுவாங்கபா. போன வாரம் கண்தான முகாமுக்கு ஒண்ணு அப்படித்தான் அடிச்சேன். சென்ட் எவ்ளோன்னு கேட்டு டாக்டரை ஒரு வழி பண்ணிட்டாங்க."

"அப்ப தசரதண்ணன் போட்டோவப் போடுங்க."

"தலைவரு போட்டோ ஓரத்துல வர்றது. நடுவுல வைக்கணும்னா ஒரு பெரிய ஆளு வேணும். டிசைனே அப்படித்தான்."

சங்க நிர்வாகிகளுக்குத் தெரிந்த பெரிய ஆள் ஒருவர்தான். மாவட்டத்தின் படம் நடுவில் போடப்பட்டது. படத்தைப் போட்டுவிட்டு அழைக்காமல் இருப்பது மரியாதை அல்ல. அழைத்துவிட்டுக் கீழே உட்கார வைக்க முடியாது. மேடையில் ஏற்றினால் அவரைவிடப் பெரியவர் யாரும் அங்கே இருக்கப்போவதில்லை. ஆகவே கட்சியிலிருந்து விலகுவதா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்குக் கட்சியின் மாவட்டச் செயலாளர் தலைமை தாங்குவார் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அருள்பாண்டியும் அதற்குக் கை தூக்கினார். ஏன் என்று நான் கேட்டேன். "தலைமை இல்லாம எப்படித் தம்பி கூட்டம் நடத்துறது?" என்றார்.

தசரதனும் அருள்பாண்டியும் மாவட்டத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள்.

"அண்ணே, கட்சியை விட்டு விலகலாமான்னு ஒரு கூட்டம். நீங்கதான் தலைமை தாங்கணும்."

மாவட்டம் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினி பேரு வருவாங்க?"

"பர்மனென்ட் ஆளுங்க எல்லாரும்ணே. கம்பெனியே அன்னிக்குப் பர்மிஷன் குடுக்குது."

"வண்டி?"

"பஸ்ஸும் கம்பெனியே குடுக்குதுண்ணே. உங்க மச்சான் பஸ்தான்."

"அப்ப சரி. வியாழக்கிழமை வைங்க. வெள்ளி எனக்கு ஒரு கல்யாணம் கீது."

வியாழக்கிழமைதான் ஷெர்லின் அக்காவின் விசாரணை. அது தசரதனுக்கும் தெரியும். காலையில் கூட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டு, விசாரணை நேரத்துக்குக் கம்பெனிக்குப் போய்விடுவதாக அவர் திட்டமிட்டார். மண்டபத்திலிருந்து கம்பெனி கூப்பிடு தூரம்தான். திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை, மாவட்டம் நேரத்துக்கு வந்திருந்தால்.

மாவட்டம் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் வரவேற்புரை. பிறகு பொன்னாடை. விலகுவோர் அணி சார்பில் ஒன்று, விலகாதோர் அணி சார்பில் ஒன்று. விலகுவோரின் பொன்னாடை நீளம் அதிகம் என்று விலகாதோர் இன்னொன்று வாங்க ஆள் அனுப்பினார்கள்.

அப்போது ஷெர்லின் அக்கா மண்டபத்துக்குள் வந்தார். நேராக மேடை ஓரத்துக்குப் போனார்.

"அண்ணே, டைம் ஆயிடுச்சு. போலாமா?"

"தோ, வந்துட்டேம்மா. மாவட்டம் பேச ஆரம்பிக்கட்டும், நைசா கீழ எறங்கிடறேன்."

மாவட்டம் பேச ஆரம்பித்தார். இப்போது இறங்கினால் அவர் பேச்சைப் புறக்கணித்ததாக ஆகும் என்று பக்கத்திலிருந்தவர் தசரதனின் காதில் சொன்னார். தசரதன் இறங்கவில்லை. ஷெர்லின் அக்கா அருள்பாண்டியிடம் போனார்.

"நீங்களாச்சும் வாங்கண்ணே."

"வந்துருவேன் தாயி. ஆனா நான் எந்திரிச்சுப் போனா எங்க பக்கம் ஒரு ஓட்டுக் கொறையும். நாங்க தோத்துட்டா அப்புறம் உன்ன மாதிரி ஆளுகளுக்காகப் பேச யாரு இருக்கா?"

"வேற யாரையாவது அனுப்புங்க."

"யாரை அனுப்புனாலும் ஒரு ஓட்டுத்தானே தாயி?"

இது கணக்கில் சரி. எதிர் அணியிலும் கேட்டுப் பார்த்தார். அங்கேயும் கணக்கு இதேதான். அதுமட்டுமல்ல, இரு அணியினரும் அவரையே உட்காரச் சொன்னார்கள். ஓட்டெடுப்பு இதோ வந்துவிடும், அவருடைய ஓட்டும் முக்கியம் என்றார்கள். யாரோ அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"எனக்கு வேலை போய்ட்டா நான் போட்ட ஓட்டு செல்லுமா?" என்று கேட்டார் அவர்.

இது சட்டப் பிரச்சினை என்பதால் இரண்டு அணியும் சங்க விதிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தன. நான் அங்கே இருந்திருந்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதைக் கண்டிருப்பேன். ஷெர்லின் அக்கா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகக் கம்பெனிக்குப் போனார்.

மாவட்டம் அன்று பேசிய பேச்சைக் கட்சிப் பேச்சுகளிலேயே சிறந்தது என்று இரு அணியினரும் சொல்கிறார்கள். "தோழர்களே, விலகுங்கள்" என்று அவர் தொடங்கியிருக்கிறார். கூட்டம் அதிர்ந்துவிட்டது. "விலகுகிற உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையை உங்களுக்குப் பெற்றுத் தந்தது யார்? இந்த இயக்கம். அப்படியென்றால் நீங்கள் விலகுவதே இந்த இயக்கத்துக்குக் கிடைத்த வெற்றி. நீங்கள் விலக விலக நாம் வளர்ந்துகொண்டே இருக்கிறோம்."

கைதட்டல் அடங்கவில்லை. விலகாதோர் அணி, மாவட்டமே சொன்ன பிறகு விலகாமல் இருப்பது கட்சிக் கட்டுப்பாட்டை மீறுவதாகும் என்று உணர்ந்து விலகலை ஆதரித்தது. ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாவட்டச் செயலாளர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலின் கீழ் சங்கம் கட்சியிலிருந்து விலகுகிறது. சங்கத்தின் சுதந்திரத்தை யாரும் பறித்துவிடாமல் காக்கும் பொருட்டு மாவட்டச் செயலாளர் அவர்களையே நிரந்தர கௌரவத் தலைவராக இருக்குமாறு இப்பொதுக்குழு பணிவுடன் கேட்டுக்கொள்கிறது. மாவட்டம் கண்கலங்கி ஒப்புக்கொண்டார்.

பிரியாணி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் தசரதனுக்கு நினைவு வந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். விசாரணை முடிந்திருந்தது. துணை வேண்டுமா என்று விசாரணை அதிகாரி கேட்டாராம். வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை என்றாராம் ஷெர்லின் அக்கா. "துணை தேவையில்லை எனத் தொழிலாளி தெரிவித்தார்" என்று எழுதிக்கொண்டார்களாம். பெட்டி யாருக்கும் தேவைப்படாமல் காலியாகக் கிடந்ததையும், லைன் பழுதாகி நின்றிருந்ததையும் எடுத்துச் சொல்ல அந்த அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. அடுத்த மாதம் வேலைநீக்கம் செய்துவிட்டார்கள்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. இரண்டு கண்டனப் போஸ்டர்கள் ஒட்டப்பட்டன. ஒன்றை அருள்பாண்டி ஆட்கள் ஒட்டினார்கள்: சங்கம் சுதந்திரமடைந்த நாளிலேயே விசாரணையை வைத்துக் கட்சியும் கம்பெனியும் கூட்டுச்சதி. மற்றொன்றைத் தசரதன் ஆட்கள் ஒட்டினார்கள்: சங்கத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே பிளவு உண்டாக்கக் கம்பெனி வேண்டுமென்றே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தது. இரண்டிலும் நடுவில் மாவட்டத்தின் படம் இருந்தது. ஷெர்லின் அக்காவின் படம் இரண்டிலும் இல்லை. டிசைனில் இடமில்லை என்று மோகன் சொல்லியிருக்கிறார்.

யார் சதி என்பதில் இப்போது சங்கம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பஸ்ஸில் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தேதியை யார் குறித்தார்கள் என்பது கருத்து அல்ல, கேட்டால் தெரிந்துவிடக்கூடிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டலத்தில், இப்போது ஷெர்லின் அக்கா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன். அங்கேயும் நின்றுகொண்டேதான் வேலை.

"அந்தத் தேதியா?" என்றார். "கம்பெனி அதுக்கு முந்தின வாரமே வெச்சிருந்தது. தசரதண்ணன்தான் தள்ளி வைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தாரு. அந்த வாரம் விசுவாசத்தைப் பத்திப் பேசக் கமிட்டி கூடுதாம். வேற எந்தத் தேதி வேணும்னு கம்பெனியில கேட்டாங்க. அண்ணன் போன்ல காலண்டரைப் பார்த்துட்டு, இந்த வியாழக்கிழமை வைங்க, அன்னிக்கு எங்க சங்கத்துக்கு வேற வேலை எதுவும் இல்லன்னு சொன்னாரு."

நான் தசரதன் அண்ணனிடமும் கேட்டுப் பார்த்தேன். உண்மைதான். அப்போது வேறு வேலை எதுவும் இல்லை என்றார்.