ரகசியக் கதவு, இங்கே தள்ளவும்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், தூங்குவது என்று உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. நான் மேஜிக் என்று சொன்னேன்.

பர்கூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஐந்து ரூபாய் நாணயத்தை விரலிடுக்கில் மறைக்கத் தெரியும். (மூன்று முறைக்கு ஒரு முறை கீழே விழாது.) கேள்வி கேட்டது கவிதா, அதாவது பெண். பதிலைப் பிடித்துக்கொண்டது அவள் அப்பா. அவர் கிரானைட் குவாரியில் மேற்பார்வையாளர். கல்லைச் சுத்தியலால் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த முகத்தோடுதான் என்னைப் பார்த்தார்.

"மேடையில எல்லாம் பண்ணுவீங்களா?"

"பண்ணுவேங்க. ஆளையே மறைய வைப்பேன்."

அதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்ப சரிங்க. ஆயுத பூஜைக்கு உங்க கம்பெனியில வெளியாளும் வரலாம்னீங்க இல்ல? வந்து பாத்துட்டே முடிவச் சொல்லிடறோம்."

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது. கவிதாவை எனக்குப் பிடித்திருந்தது. கேசரியை நான் சிந்தியதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தேன். செல்போனில் வீடியோக்களைப் பார்த்து, ஆள் மறையும் பெட்டிக்கு நானே வரைபடம் போட்டேன். விஷயம் எளிது. ஆள் நிற்கும் உயரத்தில் ஒரு பெட்டி, அடியில் சக்கரம். பின்பக்கம் இரண்டு சுவர், நடுவில் ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்க இடம். அந்த இரண்டில் முன்சுவரில் ஒரு ரகசியக் கதவு. உள்ளே போன ஆள் கதவைத் தள்ளி அந்த இடுக்குக்குள் புகுந்துகொள்வார். பெட்டியைத் திறந்தால் கறுப்புச் சுவர் மட்டும் தெரியும்.

மறைய வேண்டியவன் முனிராஜு. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை, எல்லையோர ஜூஜுவாடிக்காரன், தமிழும் கன்னடமும் கலந்தே பேசுவான். தொழிற்சாலையிலேயே ஒல்லியான ஆள் என்பதுதான் அவனுடைய தகுதி. அவன் நெஞ்சின் கனத்தைப் பெரிய வெர்னியர் அளவுகோலால் அளந்தேன், மூச்சை இழுத்து ஒரு முறை, விட்டு ஒரு முறை.

"ஏன் குரு, நான் பாஸா, ரிஜெக்டா?"

"காலையில இட்லி சாப்பிடாம வந்தா பாஸ்."

பெட்டியைச் செய்து தந்தவர் பராமரிப்புப் பிரிவு செல்வம் அண்ணன், திருநெல்வேலிக்காரர். இயந்திரங்கள் வந்திறங்கிய பேக்கிங் பலகையில் சட்டம் அடித்து, பழைய கருவி அலமாரியின் கீல்களைப் பொருத்தினார். கதவின் விளிம்பை நான் இழைக்க வைத்து இழைக்க வைத்து, அரை மில்லி இடைவெளிக்குக் கொண்டு வந்தேன். அது கதவு என்று தெரிந்த எனக்கே கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. ஒத்திகையில் முனிராஜுவுக்கும் அதே சிரமம். இருட்டில் பக்கச் சுவரைக் கதவென்று நினைத்து முழு பலத்தோடு தள்ளினான். பெட்டி உருண்டுபோய் கம்ப்ரஸரில் முட்டி நின்றது.

"உள்ள ஏனூ காணல்ல குரு. கதவு எந்தப் பக்கம்னே தெரியல."

"நீ பதறாத தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் செல்வம் அண்ணன்.

இங்கே எங்கள் தொழிற்சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெயர் எழுதாத பொருள் கிடையாது. துடைப்பத்தின் மேல் 'துடைப்பம்' என்றும், அதை மாட்டும் ஆணிக்கு மேல் 'துடைப்பம் மாட்டும் இடம்' என்றும் ஒட்டியிருக்கும். எல்லாரும் படிக்க வேண்டும் என்பதால் தமிழ், கன்னடம், இந்தி என்று மூன்று மொழி. இந்த லேபிள்களைத் தயார் செய்து ஒட்டுவது யார் வேலை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பூஜையன்று பெட்டி மேடைக்குப் போய்விட்டது. "முடிச்சாச்சு தம்பி. இனிமே எந்த மடையனுக்கும் கதவு தப்பாது" என்றார் அண்ணன். தினமும் எதையும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாத நான், அன்று மட்டும் திறந்து பார்க்கவில்லை. இரவல் கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டதால், அதை இழுத்துவிடுவதில் மும்முரமாக இருந்தேன்.

இரண்டாவது வரிசையில் கவிதாவும் அவள் அப்பாவும் பொரிப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோவில் ஒரு பாடம் சொல்லியிருந்தார்கள்: பெட்டியைப் பார்க்காதீர்கள், கூட்டத்தின் கண்ணைப் பாருங்கள். நான் கூட்டத்தைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டிப் பெட்டியைத் திறந்தேன்.

"இது சாதாரணப் பெட்டி. உள்ளே ஒன்றுமே இல்லை."

தமிழ் ஆட்கள் உட்கார்ந்த பக்கம் முதலில் சிரித்தது. கொஞ்சம் கழித்துக் கன்னடப் பக்கம். கடைசியில், பின்வரிசையில் நின்ற வடநாட்டுத் தொழிலாளர்கள். மேஜிக் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. என் முகபாவம் நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முனிராஜு உள்ளே போனான். போகும் முன் என்னிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கூட்டத்தைப் பார்த்தபடியே மூடினேன். கைக்குட்டையை ஆட்டினேன். திறந்தேன்.

"முனிராஜு இப்போது இந்த உலகத்திலேயே இல்லை."

கைதட்டல் காதைப் பிளந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் குரல் கொடுத்தார், "முனிராஜு, ஒளகிதீயா?"

உள்ளே இருக்கிறாயா என்று சூப்பர்வைசர் கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன் அவன். "இதீனி சார்" என்றது கறுப்புச் சுவர்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மேடை விளக்கில் பளபளக்கும் ரேடியம் ஸ்டிக்கரில், மூன்று மொழியில், அம்புக்குறியோடு இருந்தது: 'ரகசியக் கதவு. இங்கே தள்ளவும். எச்சரிக்கை: உள்ளே ஆள் இருக்கலாம்.' கதவைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. கீழே சின்ன எழுத்தில், 'சரிபார்த்தவர்: செல்வம்.'

நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். கவிதா துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்கு வந்தார். லேபிளை முழுவதும் படித்தார். பிறகு விரல் முட்டியால் பக்கச் சுவரைத் தட்டினார், பின்சுவரைத் தட்டினார்.

"சத்தம் வேற மாதிரி வருது. லேபிள் இல்லாட்டியும் கண்டுபுடிச்சிருப்பேங்க."

"தெரியுங்க" என்றேன்.

உள்ளேயிருந்து முனிராஜு, "குரு, வெளிய வரலாமா?" என்றான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பர்கூரிலிருந்து போன் வந்தது. பேசியது கவிதா.

"அப்பா சரின்னுட்டாருங்க."

"எப்படிங்க?"

"உள்ள மறைஞ்சிருக்கிற விரிசலுக்குத்தான் பயப்படணுமாம். இந்த ஆளுக்கு மறைக்கவே வராது, தைரியமா கட்டிக்கோன்னாரு."

அந்தச் சான்றிதழின் பேரில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் மறைக்க வராது என்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. நான் கொஞ்சம் தயங்கிப் பேசினால் போதும், மாமனார் போனிலேயே "தள்ளிப் பாரும்மா" என்பார். எங்கள் மகள் என் முதுகில் அம்புக்குறி வரைந்த காகிதத்தை ஒட்டிவிட்டுப் போவாள். டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்ன பிறகு, போன வாரம் மைசூர்பாகு டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் டிரம்மின் மேல் கவிதாவின் கையெழுத்து: 'இங்கே தள்ளவும். எச்சரிக்கை: உள்ளே மைசூர்பாகு இருக்கலாம்.'

மூன்று மொழியில். கன்னடத்தில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. திருத்திவிட்டு, கீழே 'சரிபார்த்தவர்' என்று என் பெயரைப் போட்டு வைத்தேன்.