மாமாவின் விருதில் வட்டமாக ஓர் ஓட்டை

நல்லூர், திருப்பூர்
16-11-2006, வியாழன் மதியம்

மதிப்பிற்குரிய ஆறுச்சாமி மாமா அவர்களுக்கு,

அக்கா மகன் தனபால் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் விருது மட்டும் சுகமில்லை. சுற்றி வளைக்க எனக்கு வராது. ஆனாலும் முதலில் பாராட்டைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பாராட்டு உண்மையானது. கம்பெனிக் கம்ப்யூட்டரில் நீங்கள் நடித்த படத்தின் சிடியைப் போட்டு மூன்று தடவை பார்த்தேன். படம் சுமார்தான், பாதியைத் தூக்கிவிடலாம். நீங்கள் வருவது மொத்தம் மூன்று நிமிஷம் நாற்பது செகண்ட். அதில் கை வைக்க முடியாது. மூலனூர் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், கதாநாயகன் வந்து உங்கள் மகன் செத்துவிட்டான் என்கிறான். அவனுக்கு ஒரு பக்க வசனம். உங்களுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் தலை நிமிரவில்லை, கை பாட்டுக்குக் கட்டுப் போடுகிறது, முடிச்சு மட்டும் விழவே இல்லை. அதே சந்தையில் நிஜமாகவே முப்பது வருஷம் முடிச்சுப் போட்ட கைக்கு அது விழாமல் செய்வது எவ்வளவு கஷ்டம்! எங்கேயோ ஐரோப்பாவில் ஒரு மலை ஊரில், உலகப் படங்களில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை மட்டும் தேடிப் பிடித்து விருது கொடுக்கிறவர்களுக்கு அந்த முடிச்சு கண்ணில் பட்டிருக்கிறது. அந்த ஆட்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இப்போது விஷயம். "மூலனூருக்குக் கூரியர் ஒழுங்கா வராது, உன்ற கம்பெனி அட்ரஸ் குடுக்கறேன் கண்ணு" என்றீர்கள். விருது என்றால் சிலை என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியின் மேல் கம்பெனி பெயர்தான் பெரிதாக இருந்தது. உள்ளே சிவப்புக் கம்பளித் துணி. வெளிநாட்டிலிருந்து எங்களுக்குத் துணி வந்தால் அது பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர், அனுப்பிய சாம்பிள், வேறு எதுவாகவும் இதுவரை இருந்ததில்லை. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஆஷா, "தனபால், ஜிஎஸ்எம் அர்ஜன்ட்டுங்க" என்று துணி சோதிக்கிற என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. வட்டக் கட்டரை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் சாஸர் அளவுக்குத் துணி கழன்று வரும், அதை எடை போடுவோம். சுற்றினேன். முந்நூற்று இருபது. ஓர் இழையை உருவிக் கொளுத்தியும் பார்த்தேன், முடி கருகும் வாசம், அசல் ஆட்டு ரோமம், அருமையான துணி மாமா, இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஆஷா பெட்டிக்கு அடியில் கிடந்த கடிதத்தோடு ஓடி வந்து, "ஏனுங்க, இந்த ஆறுச்சாமிங்கறது உங்க மாமனுங்களா?" என்றார்.

கடிதத்தில் இருந்தது இது: "கதாநாயகர்களுக்குச் சிலை கிடைக்கிறது. பக்கத்தில் நின்றவருக்குக் குளிருமே என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண்டுக்கு ஒரு சால்வை நெய்கிறார்கள்."

ஆண்டுக்கு ஒன்று. அதில்தான் ஓட்டை போட்டிருக்கிறேன். சால்வை வந்துவிட்டது என்று மட்டும்தான் போனில் சொன்னேன்; ஞாயிற்றுக்கிழமை சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் கிட்டுசாமி அதைச் சந்தையில் உங்களுக்குப் போர்த்தப் போகிறார், பந்தக்கால் நட்டாயிற்று என்று அத்தை வேறு போனில் சொல்கிறார்.

டெய்லர் மாஸ்டரிடம் காட்டினேன். "நம்ம கம்பெனி லேபிள் ஒன்னு வெச்சு மறைச்சரலாங்க" என்றார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் செக்கிங் செக்ஷன் ரோஸ்மேரி அக்கா. தூத்துக்குடிப் பக்கம், துணியில் விழும் ஓட்டைகளைக் கையால் அடைப்பதுதான் அவர் வேலை. "ஏ தம்பி, நல்ல துணில இப்படித் தோண்டி வச்சிருக்கியளே, இதுக்கா காலேஜுல படிச்சிய?" என்றார். பிறகு வெட்டிய வட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்த்து, சால்வைக் குஞ்சத்திலிருந்தே நூல் உருவி ஊசியில் கோத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உட்கார முடிகிறது, ஷிப்மென்ட் நெருங்குகிறது. இன்றோடு மூன்று நாள். எப்படி வரும் என்று கேட்டால், "பக்கத்துல நின்னு மூச்சு விடாதிய, நூலு பறக்கு" என்கிறார்.

ஆகவே ஞாயிறன்று இப்படிச் செய்யுங்கள். ஓட்டை இடது கோடியிலிருந்து இரண்டு சாணில் இருக்கிறது, அந்தப் பக்கம் முதுகுக்குப் போக வேண்டும், போட்டோக்காரனுக்கு முதுகைக் காட்டக் கூடாது, யாராவது விரித்துக் காட்டச் சொன்னால் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று சொல்லிவிடுங்கள். முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். அது உங்களுக்கு வரும், அதற்குத்தானே விருது.

படித்ததும் கிழித்துவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம். திட்டுவதானால் திங்கட்கிழமை திட்டுங்கள்.

உங்கள் மருமகன்
தனபால்

பின்குறிப்பு, வெள்ளி மாலை: இடது, முதுகு, வெயில், எல்லாம் ரத்து. அக்கா முடித்துவிட்டார். லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் அரை மணி நேரம் தேடினேன். எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. எப்படி வேண்டுமானாலும் போர்த்தட்டும். "யாருட்டயும் சொல்லாண்டாம் தம்பி, தெரியாம இருக்கதுதான வேல" என்கிறார். அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாளைக் காலை மூலனூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தைக் கிழிக்காதீர்கள். ஞாயிறு காலை பஸ்ஸில் சால்வையோடு அவரையும் கூட்டி வருகிறேன், முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். மைக் கைக்கு வந்ததும் ஓட்டை விழுந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். வெட்டினவன் பேரைச் சொன்னாலும் பரவாயில்லை, அடைத்தவர் பேரை விட்டுவிடக் கூடாது.