மேடை கொள்ளாத கூட்டம்

டேட்டா அண்ணாச்சி ஒரு மின்கம்பத்தைத் தாண்டிப் போனால், அதை அடுத்த கம்பத்துக்கு அறிமுகம் செய்து வைத்துவிட்டுத்தான் போவார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால், நீங்கள் அவரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். ஒரு துக்க வீட்டில், மாலையோடு உள்ளே போனவரையும் மாலை போட்டுவிட்டு வெளியே வந்தவரையும் வாசலில் மறித்து, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடணுமே. இவுக தீப்பெட்டிக் கம்பெனில ரிப்போர்ட் எடுக்காக, அவுக சிமெண்டுல எடுக்காக" என்று கைகோத்துவிட்டார். மாலை வாட வாட இருவரும் எக்செல் பேசினார்கள். இறந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

செல்போன் எங்கள் ஆட்களின் சட்டைப்பைக்குள் மெல்ல வந்துகொண்டிருந்த காலம் அது. சிவகாசியில் நான் ஒரு காலண்டர் கம்பெனியிலும் அண்ணாச்சி ஒரு பட்டாசுக் கம்பெனியிலும் ஒரே வேலைதான் பார்த்தோம். எந்த ஊருக்கு எந்தச் சரக்கு போனது, அடுத்த சீசனில் எது ஓடும் என்று கம்ப்யூட்டரில் அலசி முதலாளிக்குச் சொல்ல வேண்டும். சென்னையில் இதற்கு டேட்டா அனலிஸ்ட் என்று பெயர். எங்கள் ஊரில் 'அந்தக் கம்ப்யூட்டர் பய'. தலை நரைத்த அண்ணாச்சியும் பயதான்.

அந்தப் பெயரை ஒழித்துக்கட்டவே, சென்னையில் இருந்த அனலிஸ்டுகள் சங்கம் ஒன்றுக்கு எழுதிப் போட்டு, விருதுநகர் மாவட்டக் கிளையை வாங்கி வந்தார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவர். உறுப்பினர் நான்.

கிளை கிடைத்த கையோடு மதுரையில் ஒரு பெரிய ஹோட்டல் செமினாருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். கோட்டு போட்டவர்கள் தேநீர்க் கோப்பையோடு நின்று விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிற கூட்டம். அண்ணாச்சியும் கட்டுக்கட்டாகக் கார்டு கொண்டுவந்திருந்தார். கம்பிமத்தாப்புப் பெட்டிக்கு அடித்து மிஞ்சிப்போன, பச்சைக்கிளி படம் போட்ட தாளின் முதுகில் தன் பெயரை அச்சடித்து, வெட்டி எடுத்த கார்டு. ஒரு வங்கி அதிகாரி திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன சார், பின்னால ஒரு கண்ணு மட்டும் முழிக்குது?" என்றார்.

"மூக்கு அந்தா, நீலக் கோட்டு சார்ட்ட இருக்கு. போய்க் கேளுங்க. நாலு பேரு சேந்தாத்தான் கிளி."

அவ்வளவுதான். தேநீர் முடிவதற்குள் கோட்டுக்காரர்கள் எல்லாம் வால் இருக்கிறதா, இறக்கை இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் தேடி அலைய ஆரம்பித்துவிட்டார்கள். மேடையில் பேசவேண்டியவரே கிளியின் கழுத்தைத் தேடி வெளியே வந்துவிட்டார்.

ஆனால் சொந்த ஊரில் கிளி பறக்கவில்லை. கிளையின் முதல் கூட்டத்துக்கு அண்ணாச்சி, நான், கூட்டத்துக்கு ரூம் போட்ட லாட்ஜின் வாட்ச்மேன். "இப்போ நெட்வொர்க்கிங் நேரம்" என்று அறிவித்து, என்னையும் வாட்ச்மேனையும் அறிமுகம் செய்து வைத்தார். இரண்டாவது கூட்டத்துக்கு வாட்ச்மேனும் வரவில்லை. என்னை எனக்கே அறிமுகம் செய்து வைத்தார்.

சென்னையிலிருந்து போன் வந்தது. அடுத்த கூட்டத்துக்குப் பேச அவர்களே ஆள் அனுப்புவார்களாம். ஆள் சேராவிட்டால் கிளையைக் கலைத்து மதுரையோடு சேர்த்துவிடுவார்களாம். போனை வைத்த அண்ணாச்சி வாங்கிய வடையைக்கூடத் தொடவில்லை.

"மதுரையோட சேத்துட்டான்னா, நாம திரும்பப் பயலுகதானலே?"

மறுநாள் முகம் மலர்ந்து வந்தார். நம் ஊரில் எவனும் பேச்சுக் கேட்க வரமாட்டான், பத்திரிகையில் பேர் போட்டால் பறந்து வருவான் என்று கண்டுபிடித்துவிட்டாராம். மல்லாங்கிணறு முதல் தாயில்பட்டி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் விசாரித்து, 'வாழ்த்துரை' என்று போட்டு அழைப்பிதழ் அடித்தார். கல்யாணப் பத்திரிகை தோற்றது.

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். பேர் போட்ட ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள், இஸ்திரி போட்ட சட்டையில். வந்தவர்கள் நேராக மேடைக்கு ஏறினார்கள். பேர் போட்டவன் கீழே உட்காருவானா? கீழே கிடந்த நாற்காலிகளும் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஆலங்குளம் சிமெண்ட்காரர் இடமில்லாமல், முந்தின நாள் மாப்பிள்ளை உட்கார்ந்த மணவறையில் உட்கார்ந்தார். பொன்னாடைக்குப் பதிலாக நான் ஆளுக்கொரு காலண்டர் கொடுத்தேன். சுருட்டிய காலண்டரை மடியில் நிறுத்திக்கொண்டு, மேடை முழுக்கக் கதாயுதம் ஏந்திய பீமன்கள். கீழே ஒரு நாற்காலி தவிர ஹால் துடைத்துவிட்டது போல் கிடந்தது.

சென்னைச் சங்கத்தில் பேச அனுப்பிய அம்மா வந்தார். ஹாலைப் பார்த்தார். "ஆடியன்ஸ் எங்க சார்?"

அண்ணாச்சி மேடையைக் கைகாட்டி, "மேல இருக்காக மேடம்" என்றார், கோயிலில் சாமியைக் காட்டுகிற குரலில்.

அந்த அம்மா சிரித்தாரே ஒரு சிரிப்பு. மைக்கை வாங்கிக்கொண்டு, கீழே நின்று மேடையை அண்ணாந்து பார்த்துப் பேச ஆரம்பித்தார். அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. மேடையில் இருப்பவன் தூங்க முடியாது, போன் பேச முடியாது, சாம்பார் வாசனைக்கு நழுவ முடியாது. வேறு வழியில்லாமல் எல்லோரும் கவனித்தோம்.

பிறகு அவர், வாழ்த்த வேண்டாம், வேலையில் எங்கே மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் என்றார். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி செல்வம் எழுந்து, பீகார் ஆர்டரை வருஷா வருஷம் தப்பாகக் கணிப்பதாகவும், போன சீசனில் பாதி லோடு திரும்பி வந்ததாகவும் சொன்னான். மேடையின் மறுகோடியிலிருந்து, இன்னொரு காலண்டர் கம்பெனியின் ஜெயராணி பள்ளிக்கூடப் பிள்ளை போல் கை தூக்கினாள்.

"எந்தக் கடைக்கு உங்க லோடு போகுது? அதே கடைக்காரங்க எங்ககிட்டக் காலண்டர் அடிப்பாங்க. யாவாரம் நல்லா இருந்தாத்தான் கூட அடிப்பாங்க. எத்தனை அடிச்சாங்கன்னு மார்கழியிலயே எங்ககிட்டக் கேட்டிருக்கலாமே."

பட்டாசு ஆலைதான் தாயில்பட்டியில், இருவர் அலுவலகமும் சிவகாசியில் ஒரே தெருவாம். அதன் பிறகு மேடையில் யாரும் நாற்காலியில் இல்லை, ஆளாளுக்கு எழுந்துபோய் அடுத்தவரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும்போது அந்த அம்மா, "ஹால் ஃபுல்லுன்னு பொய் சொல்ல மாட்டேன். மேடை ஃபுல்லுன்னு சொல்றேன். கிளை இங்கயே இருக்கட்டும்" என்றார்.

நன்றியுரை என் தலையில். மைக்கைப் பிடித்த பிறகுதான் கவனித்தேன். அத்தனை பேருக்கும் பேர் போட்ட மனுஷன், தன் பேரைப் போட மறந்திருந்தார். கீழே முதல் வரிசை இருந்த இடத்தில் வலது ஓரம், மிஞ்சிய ஒரே நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, மேல வாங்க" என்றேன்.

"ஏலே, எல்லாரும் மேல வந்துட்டா கைதட்ட ஒரு ஆளு வேணாமா?" என்றவர், தட்டினார் பாருங்கள், மண்டபமே அதிர.

எழுத்துக்காரனாகிவிட்ட பிறகு என்னையும் சில மேடைகளில் உட்கார வைக்கிறார்கள். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி, பேசத் தொடங்குமுன் என் கண் முதல் வரிசையின் வலது ஓர நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.