எண்பத்தைந்து கிலோ தெப்பம்

தராசு பழுது பார்ப்பவர் தன் வாழ்நாளில் எடுத்த முடிவுகளிலேயே பெரியது இதுதான்: ஆற்றில் மீன் பிடிக்க அவருக்குப் படகு வேண்டாம். தெப்பம் போதும். அதுவும் சின்னத் தெப்பம். நாலு பிளாஸ்டிக் பீப்பாய், மேலே ஒரு பலகை, கையில் ஒரு துடுப்பு.

காரணம் மச்சான். மனைவியின் தம்பி. கடையில் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து எடைக்கற்களைத் துடைப்பவன். வாரத்தில் ஆறு நாள் துடைப்பான். ஆறு நாளும் பேசுவான். தனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிய கதையைத் திங்கட்கிழமை ஆரம்பித்தான். சனிக்கிழமை கடை சாத்தும்போது டாக்டர் இன்னும் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறு ஒரு நாளாவது காதில் தண்ணீர் சத்தம் மட்டும் விழவேண்டும். இல்லாவிட்டால் தன் மூளையின் முள் நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

இதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

“படகாவே வாங்குங்களேன். மூணு பேர் உக்காரலாம். தம்பி வந்தா உங்களுக்கும் பேச்சுத்துணை.”

“படகுங்கிறது பேராசை. ஆழமில்லாத இடத்துல தரை தட்டும். தெப்பம்னா நாணலுக்கு நடுவுல பூனை மாதிரி போகும். வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சிடலாம்.”

“என் சமையலறையிலயா?”

“மாடிப்படிக்குக் கீழ வெச்சிடலாம்.”

“ஒருத்தர்தான் போக முடியுமா?”

“ஒருத்தர்தான்.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும். அது தெப்பத்தோட சட்டம்.”

“சரி, வாங்குங்க” என்று அவள் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபத்தில் சரி சொன்னது அவரை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

தெப்பம் கட்டுபவர் கறாரான ஆள்.

“எண்பத்தஞ்சு கிலோ வரைக்கும் பலகை நனையாது. அதுக்கு மேல ஏறினா நான் பொறுப்பில்ல. சார் எவ்ளோ இருப்பீங்க?”

இங்கே ஒரு பழைய ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு எடை தொண்ணூறு. வீட்டுத் தராசு எண்பதைத் தாண்டினால் ராத்திரிக்கு வேகவைத்த காய்தான் என்று மனைவி உத்தரவு போட்டாள். அவர் தொழில் தெரிந்தவர். தராசைக் கவிழ்த்து, அடியிலிருந்த திருகாணியைப் பத்து கிலோ குறைத்துக் காட்டும்படி திருப்பிவிட்டார். அன்றிலிருந்து முள் எண்பதில் நின்றது. தட்டில் மறுபடி வறுவல் விழுந்தது.

போன மாதம், தெப்பப் பேச்சு ஆரம்பித்த அதே வாரம், முள் தானாகவே எழுபதுக்கு இறங்கியது. டீக்குச் சர்க்கரையை விட்டதன் பலன் என்று அவர் நெஞ்சு நிமிர்ந்தது. கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிச் சரிபார்த்திருக்கலாம்தான். ஆனால் அங்கே ஏறினால் மச்சான் எண்ணைத் தெருவுக்கே வாசித்துக் காட்டுவான். எழுபதும் மறைத்த பத்தும் எண்பது.

“எண்பது” என்றார் கம்பீரமாக. மிச்சம் ஐந்து கிலோ மீனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை தெப்பத்தைத் தூக்கிவர ஆள் வேண்டுமென்று மனைவி தம்பியைக் கூட்டிவந்தாள். போகட்டும், கரையோடு சரி என்று அவர் ஏறி உட்கார்ந்தார். துடுப்பை மடியில் வைத்து, கண்ணை மூடி, தண்ணீர் சத்தம் கேட்டார். சத்தம் மிக அருகில் கேட்டது. கண் திறந்தார். பலகை தெரியவில்லை. தெப்பம் அவசரப்படவேயில்லை, ஒரு பெரிய மனிதரை வழியனுப்பும் மரியாதையோடு மெதுவாக இறங்கியது. இடுப்பளவு ஆழம். அவர் ஆற்றுமணலில் கால் ஊன்றி எழுந்து நின்றதும் அது மேலே வந்தது.

“வீட்டுத் தராசு எழுபதுங்குதே” என்றாள் மனைவி கரையிலிருந்து. “இந்த ஆறுதான் தப்பா காட்டுதோ?”

ஆமென்றால் ஆற்றுக்குப் பழி. இல்லையென்றால் இரண்டு வருஷ வறுவலுக்குக் கணக்கு சொல்லவேண்டும்.

“அந்தத் திருகாணி... கொஞ்சம் லூசா இருக்கும்.”

“லூசெல்லாம் இல்லீங்க. நீங்க பத்து திருப்பினீங்க. போன மாசம் நானும் பத்து திருப்பினேன். அதே பக்கம்.”

ஈர வேட்டியோடு நின்று அவர் மனக்கணக்குப் போட்டார். தொண்ணூறு. அன்றும் தொண்ணூறு, இன்றும் தொண்ணூறு. டீ கசந்ததுதான் மிச்சம்.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஐம்பத்தைந்து கிலோ. பலகையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“நீ எங்க போற?”

“மீன் பிடிக்க. நானும் கல்யாணமான நாள்லேர்ந்து உங்க ரெண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணாமா? யாரா இருந்தாலும் ஒருத்தர்தான்னு சட்டம் சொன்னது நீங்கதானே.”

துடுப்பையும் தூண்டிலையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தெப்பம் நாணலுக்கு நடுவே பூனை மாதிரி போய் மறைந்தது.

கரையில் மச்சான் துண்டை விரித்து, பக்கத்தில் தட்டிக் காட்டினான்.

“வாங்க மாமா, இங்க எடைக் கணக்கே கிடையாது. பல்லு கதையை எங்க விட்டேன்? சரி விடுங்க, முதல்லேர்ந்தே சொல்றேன்.”