சாக்பீஸ் மேஸ்திரி போட்ட படுக்கை

1976 ஜூலை 4, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறரைக்கு இட்லி நான்கு. ஏழு மணிக்குச் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படி ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு மேல் கையெழுத்தே மாறிவிடுகிறது. காரணம், சாக்பீஸ் மேஸ்திரி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவரைப் போல மனிதர்களைப் பாடாய்ப் படுத்தியவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இரும்புத் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவர் மார்க்கிங் மேஸ்திரி. பெரிய தகட்டில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார் என்றாலும், அவர் மனதார நம்பியது ஒன்றைத்தான்: வேஸ்ட் விழக் கூடாது.

ஒருமுறை சைக்கிள் கொட்டகையில் கோடு போட்டார். இருபத்தைந்து சைக்கிள் நின்ற இடத்தில் நாற்பது நின்றது. ஆனால் கடைசியாக வந்தவன் கிளம்பாமல் முதலில் வந்தவன் வீட்டுக்குப் போக முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் தூங்குவார். அதற்கும் வெட்டிப்போட்ட மிச்சத் தகடு ஒன்றைப் பொறுக்கி, அதன் விளிம்பைத் தாண்டாமல் சுருண்டு கிடப்பார். மனிதர் உயரம் ஐந்தடி இருக்காது.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் நடைபயணத்தின் தங்கல் ஏற்பாடு போய்ச் சேர்ந்தது என் தவறு.

ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் இருபத்திரண்டு பேர் திருத்தணிக்கு நடந்து போவதாக முடிவு. நான் செயலாளர். வழியில் மூன்று இரவுகள். திருவள்ளூரிலும் கனகம்மாசத்திரத்திலும் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. முதல் இரவு பெரியபாளையம், அங்கேதான் சிக்கல். ஆடியில் பவானியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கூரைகூட மீதம் இருக்காது. முந்தைய ஆண்டு மழையில் கடை வாசல்களில் விடிய விடிய நின்றோம். இம்முறை ஒரு தேங்காய் வியாபாரி தன் கிடங்கில் இருபதுக்குப் பன்னிரண்டு அடி அறையைத் தருவதாகச் சொன்னார். பதினாறு பேருக்கு மேல் படுக்க முடியாது என்று நான் கணக்குப் போட்டேன். ஆறு பேரை நீக்க வேண்டும். இதைக் கேன்டீனில் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளே மேஸ்திரி லீவு போட்டுப் பெரியபாளையம் போய்விட்டார்.

திரும்பி வந்து, "சார், அது இருவதுக்குப் பன்னண்டு இல்ல. பதினெட்டரைக்குப் பதினொண்ணு. நடுவுல ஒரு தூண் வேற கீது" என்றார்.

"டேப்பால் அளந்தீங்களா?"

"டேப்பாலயும் அளந்தேன், தரைல பட்த்தும் பாத்தேன். நான் பட்த்துக்கினு இருக்கச்சொல்ல அந்த வியாபாரி சம்சாரம் வந்துச்சு. எனக்கு ஆத்தா எறங்கிட்டான்னு நெனச்சுக்கினு வேப்பலைய மேல போட்டு, கற்பூரம் காட்டிட்டுப் போச்சு."

"எழுந்து சொல்லக் கூடாதா?"

"எழுந்தா அளவு தப்பிடும் சார்."

அந்த ஜூலை 4 அன்று, பூசை முடித்த வெள்ளைச் சட்டையோடு ஒன்பது மணிக்கு அவர் தொழிற்சாலைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு பேரையும் வரவழைத்திருந்தார். தரையில் பதினெட்டரைக்குப் பதினொன்று என்று நூல் பிடித்துக் கோடு போட்டார். தூணுக்குப் பதில் ஒரு டின்னைக் கவிழ்த்தார். ஒவ்வொருவரையும் படுக்கவைத்து, சாக்பீஸால் சுற்றி வரைய ஆரம்பித்தார்.

என் முறை வந்தபோது இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"சார், உங்க தொப்பைய இன்னா பண்றது? மல்லாந்தாலும் எடம் புடிக்குது, ஒருக்களிச்சாலும் எடம் புடிக்குது."

கொட்டகை முழுவதும் சிரித்தது. தினமும் இவர்கள் தாமதமாக வருவதைக் குறித்துவைக்கும் என்னைப் பார்த்து, தரையில் கிடந்தபடி சிரித்தார்கள்.

இருவருக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டார். கேஸ் தீயால் தகட்டை வெட்டும்போது உருகிப்போவதற்கென்று துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியாம் அது. "எங்களை யாரும் வெட்டப் போவதில்லை மேஸ்திரி" என்றேன். "பழக்கம் சார்" என்றார்.

அடுத்து விதி சொன்னார். "யாரும் பொரளக் கூடாது. பொரளணும்னா எல்லாரும் ஒரே நேரத்துல பொரளணும். விசில் அட்ச்சா பொரளணும்."

"விசில் யார் அடிப்பது? நீங்கள்தான் வரப்போவதில்லையே."

பையிலிருந்து பித்தளை விசிலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீங்கதான் சார்."

பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. பதினேழு பேர் அடங்கினார்கள். ஐந்து பேர் வெளியே நின்றார்கள். மூன்று முறை அழித்து வரைந்தும் அதே ஐந்து. எல்லோரும் ஒருவனையே பார்த்தார்கள்.

அவன் கிரைண்டிங் ஏழுமலை. முந்தைய ஆண்டு தகடு சரிந்து முழங்கால் நொறுங்கியவன். திரும்ப எழுந்து நடந்தால் திருத்தணிக்கு நடந்தே வருவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேண்டிக்கொண்டவன். இப்போது அந்தக் கால் நடக்கும், ஆனால் மடங்காது. எந்த மூலையில் போட்டாலும் கோல் போல நீட்டிக்கொண்டு நின்றது.

ஏழுமலை மெதுவாகக் கையூன்றி எழுந்தான். "சார், என் பேர அட்ச்சுடு. நான் ஒர்த்தன் ரெண்டாள் எடத்த புட்ச்சிக்கிறேன். முருகனுக்குத் தெரியும்."

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மேஸ்திரி பாய்ந்து வந்து என் பேனாவைப் பிடுங்கினார். "இன்னா சார் பேஜாரு பண்றீங்க! டேய் ஏழுமல, குந்துடா. தப்பு ஒன் காலுது இல்ல, என்னுது. கோணலான பீஸை மொதல்ல போடணும். இத்தினி வருசம் தொழில் பண்ணிக்கினு, நான் கடைசில போட்டேன் பாரு!"

ஈரச் சாக்கால் தரை முழுவதையும் துடைத்தார். ஏழுமலையை முதலில் படுக்கவைத்தார். மடங்காத கால் தூணை ஒட்டிப் போனது. அந்தக் காலைச் சுற்றி மற்ற எல்லோரையும் மடக்கினார். ஒருவன் தலைக்கு நேர் இன்னொருவன் கால். வெல்டர் ஒருவனின் முழங்கால் என் முதுகில். என் மூக்குக்கு எதிரே கிரேன் ஆபரேட்டரின் பாதம். அன்று அவன் குளிக்கவில்லை என்பதைத் தேதியோடு உறுதி சொல்ல முடியும். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு இருபத்திரண்டு பேரும் கோட்டுக்குள் இருந்தோம். விசில் ஊதச் சொன்னார். ஊதினேன். அத்தனை பேரும் ஒன்றாகப் புரண்டோம். யாரும் கோட்டைத் தாண்டவில்லை.

ஏழுமலை கூரையைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னான். "மேஸ்திரி, நீயும் வாயேன்."

"எனக்கு எதுக்குடா உங்க மல?"

"சாமி கும்புட வாணாம். சும்மா நடந்து வா."

மேஸ்திரி கையிலிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டினார். தரைக் கோடுகளைக் காட்டினார். "எடம் எங்க கீது? பாரு, ஷீட்டு ஃபுல்லு." சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். முதுகில் வெல்டரின் முழங்கால் இன்னும் இருப்பது போலவே இருந்தது. நாட்குறிப்பில் எழுதினேன்: 'ஒரு விடுமுறை நாள் முழுவதும் பாழ். இந்த மனிதரோடு இனி எந்தக் காரியமும் வைத்துக்கொள்ளக் கூடாது.' கோபம் தணிய, அவர் போட்ட படத்தை ஒரு பக்கத்தில் அளவோடு வரைந்து பார்த்தேன், தவறு கண்டுபிடிக்கலாம் என்று. கண்டுபிடித்தேன். கதவுப் பக்கத்து மூலையில் ஒரு துண்டு காலியாக இருந்தது. வேஸ்ட் விழக் கூடாது என்று உயிரை வாங்கிய மனிதருக்கு அது மட்டும் கண்ணில் படவில்லையாம்.

ஜூலை 5, திங்கள். காலை ஆறு நாற்பதுக்கு, டைம் ஆபீஸைத் திறப்பதற்கு முன், கொட்டகைக்குப் போனேன். அந்த மூலையை அளந்தேன். நீளம் மூன்றே முக்கால் அடி, அகலம் இரண்டடி. சுருண்டு படுத்தால் சரியாக ஓர் ஆள், அதுவும் ஐந்தடிக்குக் குறைந்த ஆள். கேன்டீன் பலகையிலிருந்து எடுத்து வந்த சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே 'மேஸ்திரி' என்று எழுதி, அதன் நடுவில் விசிலை வைத்துவிட்டு வந்தேன்.