இட்லி வேகுமுன் வந்த இருபது லட்சம்

இனிமேல் பெரியதம்பியை அவன் வயலுக்கே நடக்கவிடுவதில்லை என்று துரைக்கண்ணு முடிவு செய்தார். பெரியதம்பி அவருக்கு மச்சான். மனைவி வடிவின் கூடப்பிறந்த தம்பி, பக்கத்துத் தெருக்காரன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியதம்பி கல்யாணப் பந்தியில் எல்லார் இலையிலும் வடை விழுந்தது. துரைக்கண்ணு இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டது. சின்ன விஷயம் என்பவர்கள் ஒருநாள் பந்தியில் விடுபட்டுப் பார்க்கட்டும்.

அன்றோடு பேச்சு நின்றது. இப்போதுதான் காலம் வந்தது. கெடாரில் பெரியதம்பி வயலுக்கு முன்னால் இருக்கும் முக்கால் ஏக்கர் விலைக்கு வந்திருந்தது. அதைத் தாண்டித்தான் அவன் உள்ளே போக முடியும். வாங்கி வேலி போட்டால் தீர்ந்தது. குவைத்தில் இருக்கும் மகன் அருள், பத்து வருஷச் சேமிப்பை அனுப்புவதாகச் சொல்லிப் போனில் வந்தான்.

"நைனா, எந்த பேங்க்குல போடட்டும்?"

"விழுப்புரம் பேங்க்கு வாணாம். காலண்டர் கேட்டா தீந்துபோச்சின்றான்."

"திண்டிவனம்?"

"பேனாவ நூல்ல கட்டிவெச்சிக்கினு இருக்கான். நான் இன்னா திருடனா? ரெண்டு கணக்கையும் அன்னிக்கே மூடிட்டேன்."

வடிவு இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அப்போ பணம் எங்கதாங்க வந்து எறங்கும்? வைக்கப்போர்லயா?"

"உன் கணக்குல போடச் சொல்லுடி. ஆனா பணம் என்னுது."

"உங்களுதுதாங்க. யாரு இல்லன்னா?"

"ஏழாயிரம் தினார் போட்டுட்டேன் நைனா" என்று சொல்லிவிட்டு அருள் போனை வைத்தான். ஏழாயிரம்தானா என்று துரைக்கண்ணுவுக்குச் சப்பென்று ஆனது. இட்லி வேகவில்லை. அதற்குள் வடிவின் போன் டிங் என்றது.

"இருபது லட்சத்து ரெண்டாயிரம் வந்துடுச்சிங்க."

துரைக்கண்ணு வெளியே ஓடி வானத்தைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. மல்லாட்டைக் கடலை விற்ற மூவாயிரத்தை மடியில் கட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து மூச்சுவிடாமல் பஸ்ஸில் வந்தவர் அவர். இது டிக்கெட் எடுக்காமல், நனையாமல், கடல் தாண்டி வந்திருக்கிறது.

"ஏன்டி, கௌம்பும்போது ஏழாயிரம்தானே? வர்ற வழியில இன்னா தின்னுச்சி?"

"அங்கத்திக் காசு ஒண்ணு, நம்ம காசு எரநூத்தி எம்பத்தாறுங்க."

துரைக்கண்ணு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். போனை சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று நாள் அந்தப் பக்கம் இருமக்கூட இல்லை.

"நெலத்த நீயே முடிச்சிடு வடிவு. நான் தொட்டா திரும்பிப் போயிடப் போவுது."

"சரிங்க. சாட்சிக் கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க. அதுக்குப் பெரிய மனுசன் வேணும்."

பத்திர ஆபீஸில் துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டார். இருபது லட்சத்துப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் மரியாதையாக இருக்குமா?

வாசலில் பெரியதம்பி நின்றிருந்தான். பல்லெல்லாம் தெரிந்தது.

"மாமா, உங்களுக்குப் பெரிய மனசு! நெலம் அக்கா பேருக்கு. எனக்கும் அதுல பத்தடி வழி, காலத்துக்கும். நீங்களே சாட்சியும் போட்டுட்டீங்க!"

"வடிவு! உள்ளார இன்னாடி எழுதியிருந்துச்சி?"

"நீங்க கையெழுத்து போட்டதுதாங்க."

பெரியதம்பி அவர் கையைப் பிடித்து விக்கிரவாண்டி ஓட்டலுக்கு இழுத்துப் போனான். இலை போட்டார்கள். அவனே எழுந்து வடை பரிமாறினான்.

"எண்ணிக்கோங்க மாமா, ரெண்டு. பழசுக்கு ஒண்ணு, வட்டிக்கு ஒண்ணு."

துரைக்கண்ணு இலையையே பார்த்தார். குவைத்திலிருந்து பணம் வர இட்லி வேகிற நேரம்கூட ஆகவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வடை வர இருபத்திரண்டு வருஷம்.

வடையைப் பிட்டு வாயில் போட்டார். ஒரு வடை மூவாயிரத்து ஐந்நூறு தினார். நன்றாகத்தான் இருந்தது.